ஜிம்ல என்ன பாட்டு கேக்குறீங்க? இது ஒரு 2,500 வருஷக் கதை

காலையில் ஏதாவது ஒரு மைதானத்துக்குப் போய் ஓரமா நின்னு பாருங்க. நடக்கிறவங்க, ஓடுறவங்க பாதிப் பேர் காதில் ஏதோ ஒண்ணு மாட்டியிருக்கும். "என்ன பாட்டு?"ன்னு கேட்டா முகமே மாறிடும். அதுவரை வணக்கம்கூடச் சொல்லாதவர் ஒரு இயர்பட்டைக் கழற்றி, துடைச்சு, உங்க கையில் கொடுப்பார். "இதைக் கேளுங்க சார், ரெண்டாவது சரணத்துல ஒரு தபேலா வரும் பாருங்க..."

உடம்பு வேலை செய்யும்போது பாட்டு எதுக்கு? அது நிஜமாவே உதவுதா, இல்ல சும்மா பொழுதுபோக்கா? இதைத் தேடிப் போனா கப்பல், சைக்கிள் பந்தயம், போர்க்கால பேக்டரி, ஒரு டேப் ரிக்கார்டர்னு எங்கெங்கேயோ சுத்தி, கடைசியில எங்க எமர்ஜென்சி வார்டு வாசல்ல வந்து நிக்குது கதை. கொஞ்சம் நீளமான திரெட். டீ எடுத்துக்கிட்டு வாங்க.

கிமு 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் இருந்து ஆரம்பிக்கலாம். ட்ரைரீம்னு ஒரு போர்க்கப்பல். மூணு அடுக்கா 170 பேர் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு துடுப்பு போடுவாங்க. ஒருத்தர் தாளம் தப்பினாலும் பக்கத்துத் துடுப்பில் இடிக்கும். 'பென்ஹர்' (1959) படம் பார்த்தவங்களுக்கு உடனே என்ன ஞாபகம் வரும்? சங்கிலியில் கட்டின அடிமைகள், அவங்க முன்னாடி முரசு அடிக்கிற ஒரு ஆள். அதெல்லாம் சினிமா. ஏதென்ஸ் கப்பல்ல துடுப்பு போட்டவங்க பெரும்பாலும் சம்பளம் வாங்கின சுதந்திரமான ஆட்கள். அவங்களுக்குத் தாளம் கொடுத்தது முரசு கிடையாது, குழல். 'ஆவ்லோஸ்'னு பேர், ஜோடிக் குழல். நம்ம நாதஸ்வரம் மாதிரி சீவாளி வச்சு ஊதுறது. இதுக்குன்னே ஒவ்வொரு கப்பல்லயும் ஒரு வாத்தியக்காரர் இருந்தார். உடற்பயிற்சிக்கு டிஜே வச்ச முதல் கூட்டம்னு வேணா வச்சுக்கலாம்!

நம்ம ஊர்ல இதே வேலையை ஏற்றப்பாட்டு செஞ்சது. ஏற்றம் இறைக்கிறவர் பாட்டுக்குள்ளேயே சால் கணக்கையும் வச்சிருப்பார். எத்தனை சால் இறைச்சோம்னு தனியா எண்ண வேண்டியதில்ல, பாட்டு எந்த இடத்தில் இருக்குன்னு பார்த்தாப் போதும். கையில் கட்டுற வாட்ச் இன்னைக்குச் செய்யுற வேலை அது. கம்பரைப் பத்தி ஒரு செவிவழிக் கதை உண்டு. ஏற்றக்காரர் ஒருத்தர் ஒரு அடி பாடிட்டு அன்னைக்கு வேலையை முடிச்சுட்டுப் போயிட்டாராம். அடுத்த அடி என்னவா இருக்கும்னு ராத்திரி முழுக்க யோசிச்சும் கம்பருக்குப் பிடிபடல. மறுநாள் காலையில் வந்து நின்னு கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டாராம். நடந்ததோ இல்லையோ, பிடிச்ச பாட்டு பாதியில் நின்னா என்ன ஆகும்னு புரிஞ்சவங்க கட்டின கதை.

ஒரு சின்ன இடைச்செருகல். பாட்டுக்கும் நாடித்துடிப்புக்கும் உள்ள உறவு மருத்துவர்கள் கண்டுபிடிச்சது இல்ல. 1752இல் குவான்ட்ஸ்னு ஒரு ஜெர்மன் புல்லாங்குழல் கலைஞர் ஒரு பாடநூல் எழுதினார். அப்போ மெட்ரோனோம் கிடையாது. ஒரு பாட்டை எந்த வேகத்தில் வாசிக்கணும்னு எழுத்தில் எப்படிச் சொல்றது? ஆரோக்கியமான ஆளோட நாடி நிமிஷத்துக்கு 80ன்னு வச்சுக்கிட்டு, அதை அளவுகோலா எடுத்துக்கச் சொன்னார். அதாவது நாடியைப் பார்த்துத் தாளம் போட்டாங்க. பிற்காலத்தில் இது அப்படியே தலைகீழானதைக் கடைசியில சொல்றேன்.

இப்போ 1911. அமெரிக்காவில் ஆறு நாள் சைக்கிள் பந்தயம்னு ஒரு பைத்தியக்கார விளையாட்டு நடந்துட்டிருந்த காலம். உள்ளரங்கத்தில் வட்டப் பாதை, ஆறு நாள், ராத்திரி பகலா சுத்துவாங்க. ஒரே ஆள் தூங்காம ஓட்டி மயங்கி விழுற அளவுக்குப் போனதால், ஒருத்தர் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு நியூயார்க்கில் சட்டம் வந்துச்சு. உடனே பந்தயம் நடத்துறவங்க ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேர்த்து விட்டாங்க! மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்ததால் அந்த ஜோடிப் பந்தயத்துக்கு 'மேடிசன்'னே பேர். ஒலிம்பிக்ஸ்ல இப்பவும் இருக்கு.

இந்தப் பந்தயத்தில் நடுநடுவே பேண்ட் வாத்தியம் வாசிப்பாங்க. லெனர்ட் அயர்ஸ்னு ஒரு புள்ளியியல்காரர் இதைக் கவனிச்சார். பேண்ட் வாசிக்கும்போது வேகம் என்ன, நிறுத்தினா என்னன்னு கணக்கு எடுத்தார். வாசிக்கும்போது மணிக்கு 19.6 மைல். சும்மா இருக்கும்போது 17.9 மைல். கிலோமீட்டர்ல சொன்னா 31.5க்கும் 28.8க்கும் உள்ள வித்தியாசம். கிட்டத்தட்ட 10 சதவீதம். உடற்பயிற்சியும் இசையும் பத்தி வந்த முதல் ஆய்வுகளில் ஒண்ணா இதைத்தான் இன்னைக்கும் எடுத்துக் காட்டுறாங்க.

ஆனா டாக்டர் புத்தி சும்மா இருக்குமா? பேண்ட் வாசிக்கிற நேரத்தில் கூட்டம் அதிகமா இருந்திருக்காதா? கைதட்டல் கூடியிருக்காதா? அப்போ வேகத்துக்குக் காரணம் பாட்டா, ஜனமா? ரெண்டையும் அதில் பிரிக்க முடியாது. இந்தச் சந்தேகத்தோடயே மேல போவோம்.

அடுத்தது போர்க்காலம். 1940 ஜூன் 23ஆம் தேதி பிபிசி வானொலி 'மியூசிக் வைல் யூ வொர்க்'னு ஒரு நிகழ்ச்சி ஆரம்பிச்சது. ஆயுதத் தொழிற்சாலைகளில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யுறவங்களுக்கு, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, அரை மணி நேரம் இடைவிடாத இசை. பேக்டரி ஒலிபெருக்கியில் அப்படியே போட்டுவிடுவாங்க. 1967 வரைக்கும் ஓடுச்சு. ரசிக்கிறதுக்கான இசை இல்ல இது. வேலைக்குப் பொருந்தணும், கவனத்தைக் கலைக்கக் கூடாது, தூங்க வைக்கவும் கூடாது. எதைப் போடலாம், எதைப் போடக் கூடாதுன்னு கறாரா விதி வச்சிருந்தாங்க. 'டீப் இன் த ஹார்ட் ஆஃப் டெக்சஸ்'னு ஒரு அமெரிக்கப் பாட்டு. நடுவில் நாலு கைதட்டல் வரும். அதை இந்த நிகழ்ச்சியில் போடத் தடை! ஏன்? தொழிலாளிங்க கையில் இருக்கிற ஸ்பானரையும் சுத்தியலையும் வச்சு மெஷின் மேல தட்ட ஆரம்பிச்சுடுவாங்கன்னு பயம்.

இங்கே ஒரு விஷயம் கவனிங்க. ஏதென்ஸ் கப்பல், ஏற்றம், சைக்கிள் பந்தயம், பேக்டரி. எல்லாத்துலயும் பாட்டு பொதுவானது. எல்லாருக்கும் ஒரே பாட்டு, அதையும் வேற யாரோதான் தேர்ந்தெடுக்கிறாங்க. இது மாறினது 1979இல்.

சோனி கம்பெனியோட நிறுவனர்களில் ஒருத்தர் மசாரு இபுகா. விமானத்தில் போகும்போது ஸ்டீரியோவில் பாட்டு கேக்கணும்னு ஆசை. பத்திரிகைக்காரங்க பேட்டி எடுக்க வச்சிருந்த 'பிரெஸ்மேன்' டேப் ரிக்கார்டரில் இருந்து பதிவு பண்ற வசதியை எடுத்துட்டு, ஸ்டீரியோவா மாத்திக் கொடுத்தாங்க. இன்னொரு நிறுவனர் அகியோ மொரிடா அதைக் கேட்டுட்டு, 'இதை விக்கலாம்'னு முடிவு பண்ணினார். பதிவு பண்ணாத டேப் ரிக்கார்டரை எவன் வாங்குவான்னு கம்பெனிக்குள்ளேயே முணுமுணுப்பு. 1979 ஜூலை 1ஆம் தேதி வாக்மேன் கடைக்கு வந்துச்சு. விலை 33,000 யென். முதல் மாசம் வித்தது 3,000தான். ஆகஸ்ட் முடியறதுக்குள்ள முதல்ல தயாரிச்ச 30,000மும் காலி.

அறிமுக நாளில் பத்திரிகையாளர்களைப் பேருந்தில் ஏத்தி டோக்கியோவில் யோயோகி பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்கே இளைஞர்கள் வாக்மேன் மாட்டிக்கிட்டு ஸ்கேட்டிங், சைக்கிள்னு சுத்திட்டிருந்தாங்க. அதாவது பிறந்த அன்னைக்கே அது உடற்பயிற்சிக் கருவி.

எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் அந்த முதல் மாடலோட உடம்புதான். அதில் ஹெட்போன் செருக ரெண்டு துளை இருக்கும். கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான், 'ஹாட்லைன்'னு பேர். அதை அமுக்கினா பாட்டுச் சத்தம் குறைஞ்சு ஒரு சின்ன மைக் வேலை செய்யும். ரெண்டு பேரும் ஹெட்போனைக் கழட்டாமலே பேசிக்கலாம். ஏன் இவ்வளவு ஏற்பாடு? மொரிடா அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்த் தனியா கேட்டுட்டிருந்தாராம், அவர் மனைவிக்குக் கோபம். ஒருத்தர் மட்டும் காதை மூடிக்கிட்டுப் பாட்டு கேக்குறது மரியாதைக் குறைவுன்னு அவருக்கே தோணியிருக்கு. பாட்டுன்னா பக்கத்தில் இருக்கிறவங்களோட சேர்ந்து கேக்குறதுன்னு நினைச்ச காலத்தோட கடைசி அடையாளம் அந்த ஆரஞ்சுப் பொத்தான். ஜனங்க என்ன பண்ணினாங்க? தனியாத்தான் கேட்டாங்க. அடுத்தடுத்த மாடல்களில் முதல்ல பொத்தான் போச்சு, அப்புறம் ரெண்டாவது துளையும் போச்சு.

பகிர்ந்துக்கிற ஆசை மட்டும் போகல, கேசட்டுக்குள்ள போய் உட்கார்ந்துக்கிச்சு. பிலிப்ஸ் கம்பெனி 1963இல் பெர்லின் கண்காட்சியில் வச்ச அந்தச் சின்னப் பெட்டி, நம்ம ஊர்ல 80கள், 90களில் என்ன பாடு பட்டுச்சுன்னு முப்பது தாண்டினவங்களுக்குத் தெரியும். ரிக்கார்டிங் கடை. ரூல் போட்ட பேப்பரில் பாட்டு, படம் பேரெல்லாம் வரிசையா எழுதி, 60 நிமிஷ கேசட்டோட கொடுத்துட்டு வரணும். 'ஏ' பக்கம் 30 நிமிஷம், 'பி' பக்கம் 30 நிமிஷம். கடைக்காரர் பட்டியலைப் பார்த்துட்டு, "இதுக்கு அடுத்து அது ஒத்து வராது தம்பி, இதைப் போடுறேன்"னு சொல்லுவார். அவர் சேர்த்துப் போட்ட அந்த ஒரு பாட்டுதான் பிற்பாடு உயிரா ஆகும். இன்னைக்கு ஸ்பாட்டிஃபையில் அந்த வேலையை அல்காரிதம் பண்ணுது. கடைக்காரர் அளவுக்கு அதுக்குக் கூச்சம் கிடையாது, கேட்டதையே திருப்பித் திருப்பித் தள்ளுது.

உடற்பயிற்சிப் பக்கமும் இதே காலத்தில் சூடு பிடிச்சது. 1968இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 'ஏரோபிக்ஸ்' புத்தகம் எழுதினார். அடுத்த வருஷமே ஜூடி ஷெப்பர்ட் மிசெட்ங்கிற நடனக் கலைஞர் ஜாஸர்சைஸ் தொடங்கினார். 1982இல் நடிகை ஜேன் ஃபோண்டாவோட உடற்பயிற்சி வீடியோ கேசட் சக்கைப்போடு போட்டுச்சு. இந்தப் பகுதி உங்களுக்கே தெரியும், தாண்டிடுவோம்.

1998, இங்கிலாந்தில் பர்மிங்ஹாம். எத்தியோப்பியாவின் ஹெய்லி கெப்ரசெலாசி உள்ளரங்க 2,000 மீட்டர் ஓடுறார். ஒலிபெருக்கியில் 'ஸ்கேட்மேன்' பாட்டைப் போடச் சொல்லி, அதோட தாளத்துக்குக் காலடி வச்சு ஓடினார். 4 நிமிஷம் 52.86 வினாடி, உலக சாதனை. அந்தப் பாட்டைப் பாடின ஸ்கேட்மேன் ஜானுக்குச் சின்ன வயசில் இருந்தே கடுமையான திக்குவாய். அந்தத் திக்கலையே அர்த்தமில்லாத அசைகளா மாத்தி, அசுர வேகத்தில் பாடி, 52 வயசில் உலகப் புகழ் அடைஞ்சார். திக்குவாய்க் குழந்தையைக் கூட்டிட்டு வர்ற பெற்றோருக்கு நான் இவர் கதையைச் சொல்றதுண்டு.

பாட்டு இவ்வளவு உதவுதுன்னா அது போங்காட்டம் இல்லையா? அப்படித்தான் அமெரிக்கத் தடகள அமைப்பு 2007இல் ஓட்டப் பந்தயங்களில் ஹெட்போனுக்குத் தடை போட்டுச்சு. பின்னாடி வர்ற ஆளோட சத்தம் கேக்காதுங்கிற பாதுகாப்புக் காரணமும் உண்டு. எதிர்ப்பு வரவும், அடுத்த வருஷமே பரிசுக்கு ஓடுறவங்களுக்கு மட்டும்னு தளர்த்திட்டாங்க.

சரி, உடம்புக்குள்ள என்ன நடக்குது? ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் ஒரு அளவுகோல் வச்சார். "எவ்வளவு கஷ்டமா இருக்கு?"ன்னு கேட்டு 6இல் இருந்து 20க்குள் ஒரு எண் சொல்லச் சொல்லணும். அது என்ன 6, 20? அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினா ஆரோக்கியமான இளைஞரோட இதயத்துடிப்பு ஏறக்குறைய வரும்! மிதமான வேகத்தில் பாட்டு கேட்டுக்கிட்டே செய்யும்போது இந்த எண் குறையுது. தசை, மூச்சு, இதயம் எல்லாம் மூளைக்கு "முடியல, முடியல"ன்னு சேதி அனுப்பிட்டே இருக்கும். பாட்டு அந்தக் கவனத்தில் ஒரு பங்கை எடுத்துக்குது. லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில் காஸ்டாஸ் கராஜியார்கிஸ் பல வருஷமா இதையே ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கார். அவர் குழுவோட ஒரு ஆய்வில், தாளத்தோட ஒத்து சைக்கிள் மிதிச்சவங்களுக்கு 7 சதவீதம் குறைவான ஆக்சிஜன் போதுமா இருந்துச்சு. அயர்ஸ் கணக்கில் நமக்கு வந்த சந்தேகத்துக்கு இது ஓரளவு பதில். இங்கே கைதட்ட ஜனக்கூட்டம் இல்ல.

ஆனா வேகம் ரொம்பக் கூடி மூச்சு இரைக்க ஆரம்பிச்சா, பாட்டோட பலன் கரைஞ்சுடும். உடம்போட சத்தம் பாட்டை விடப் பெருசாயிடும். அந்தச் சத்தம் நமக்கு வேணும். மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வச்சு, நடைப்பயிற்சி ஆரம்பிச்சிருக்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் இதைத் தனியாச் சொல்றேன். பாட்டு கேளுங்க, தாராளமா. ஆனா பக்கத்தில் வர்றவரோட பேசிக்கிட்டே நடக்க முடியுற வேகம்தான் உங்க வேகம். நெஞ்சில் பாரம், இடது கையில் வலி, தாடையில் இறுக்கம், தலைசுத்தல் வந்தா பாட்டு முடியட்டும்னு காத்திருக்காதீங்க. நில்லுங்க, உட்காருங்க, 108ஐ அழைங்க.

இப்போ அந்தத் தலைகீழ்க் கதை.

1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர்னு மூணு பேர் ஒரு கட்டுரை எழுதினாங்க. நின்னுபோன இதயத்தை, நெஞ்சைப் பிளக்காமலே, வெளியில் இருந்து ரெண்டு கையால் அழுத்தி ரத்தம் ஓட வைக்கலாம்னு. இன்னைக்கு சிபிஆர்னு சொல்றோமே, அதோட தொடக்கம் அது. அவங்க சொன்ன வேகம் நிமிஷத்துக்கு சுமார் 60.

1977இல் பிரான்ஸில் ஒரு பழைய மாளிகை ஸ்டூடியோவில் பீ ஜீஸ் குழுவினர் 'ஸ்டேயிங் அலைவ்' பாட்டைப் பதிவு பண்றாங்க. டிரம்மர் டென்னிஸ் பிரையன் குடும்பத்தில் ஒரு அவசரம், ஊருக்குப் போயிட்டார். வேற ஆள் சிக்கல. டிரம் மெஷின் போட்டுப் பார்த்தாங்க, உயிரே இல்ல. ஏற்கனவே பதிவு பண்ணி வச்சிருந்த இன்னொரு பாட்டில் இருந்து ரெண்டு தாள வட்டணையை மட்டும் எடுத்து, டேப்பை வெட்டி, வளையமா ஒட்டி, சுத்த விட்டாங்க. அதனால அந்தப் பாட்டில் தாளம் ஒரு மயிரிழைகூட முன்ன பின்ன போகாது. இல்லாத டிரம்மருக்கு 'பெர்னார்ட் லூப்'னு பேர் வச்சு இசைத்தட்டில் போட்டதும் உண்டு! வேகம், நிமிஷத்துக்கு 103.

அப்போ மருத்துவப் பாடத்தில் இருந்த வேகம் 60, தனி ஆளா செஞ்சா 80. பாட்டு எங்களை விட வேகமா இருந்துச்சு. 1986இல் 80 முதல் 100ன்னு மாத்தினாங்க. 2010இல் குறைஞ்சது 100. 2015இல் 100 முதல் 120. இப்படிப் படிப்படியா ஏறி, பாட்டு இருந்த இடத்துக்கு மருத்துவம் வந்து சேர முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

2008இல் இல்லினாய் பல்கலைக்கழக மருத்துவர் டேவிட் மாட்லாக் 15 பேரை வச்சு ஒரு சின்ன ஆய்வு பண்ணினார். பாட்டு கேட்டுக்கிட்டே பொம்மை நெஞ்சை அழுத்தினாங்க, சராசரி 109. அஞ்சு வாரம் கழிச்சு, பாட்டு இல்லாம, மனசுக்குள்ள மட்டும் ஓடவிட்டு அழுத்தினாங்க. 113 வந்துச்சு. பாட்டு உள்ளேயே தங்கிடுச்சு. 2012இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் இதே பாட்டை வச்சு டிவி விளம்பரமே எடுத்துச்சு. குயீன் குழுவோட 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' பாட்டும் ஏறக்குறைய இதே வேகம்தான். ஆனா 'இன்னொருத்தனும் மண்ணைக் கவ்வினான்'னு அர்த்தம் வர்ற பாட்டை அந்த நேரத்தில் வாய்விட்டுப் பாடாதீங்க, சொந்தக்காரங்க பக்கத்தில் இருப்பாங்க.

எல்லாமே நல்ல சேதின்னு சொல்ல மாட்டேன். 2009இல் பிஎம்ஜே இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு ஒண்ணு, ஒரு குழந்தைப் பாட்டை வச்சுப் பொதுமக்களிடம் சோதிச்சது. பாட்டே இல்லாதப்போ சரியான வேகத்தில் அழுத்தினவங்க 12 சதவீதம். பாட்டோட 32 சதவீதம். ஆனா பாட்டு கேட்டவங்க அழுத்தம் ஆழம் குறைஞ்சுபோச்சு. தாளத்தில் கவனம் போய், கையில் பலம் குறைஞ்சிருக்கு.

இதை ஏன் இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்தேன்? எங்க அரசு மருத்துவமனை வாசல்ல ஆட்டோவில் வந்து இறக்குறாங்க. "எப்போ மயங்கி விழுந்தாரு?" "கால் மணி நேரம் ஆச்சு சார்." "நெஞ்சை அழுத்தினீங்களா?" பதில் வராது. முகத்தில் தண்ணி தெளிச்சிருப்பாங்க, கையில் சாவிக்கொத்து இருக்கும், உள்ளங்காலைத் தேச்சிருப்பாங்க. நெஞ்சு மேல மட்டும் யாரும் கை வச்சிருக்க மாட்டாங்க. பயம். தப்பாயிடுமோ, எலும்பு உடைஞ்சிடுமோ, எவ்வளவு வேகம்னு தெரியலையே. கடைசி பயத்துக்கு மருந்து உங்க போன்லயே இருக்கு.

ஆங்கிலப் பாட்டு தெரியணும்னு அவசியமே இல்ல. உங்க ஜிம் பட்டியலைத் திறங்க. ஒரு பாட்டைப் போடுங்க, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து வினாடிக்குத் தாளத்தை எண்ணுங்க. 17இல் இருந்து 20க்குள் வந்தா அதுதான் உங்க பாட்டு. ராஜாவோ ரஹ்மானோ அனிருத்தோ, கானாவோ குத்தோ, பிரச்சினை இல்ல. வீட்டில் இருக்கிறவங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு கண்டுபிடிச்சுக் கொடுங்க.

பெரியவர் ஒருத்தர் திடீர்னு விழுந்து, தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லாம, மூச்சும் இல்லாம, இல்ல விட்டு விட்டு இழுத்துக்கிட்டு இருந்தா, ஒருத்தர் 108ஐ அழைங்க. இன்னொருத்தர் தரையில் மல்லாக்கப் படுக்க வச்சு, நெஞ்சு நடுவில் உள்ளங்கை அடிப்பகுதியை வச்சு, மேல இன்னொரு கையைக் கோத்து, முழங்கை மடங்காம, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்க. 6க்கு மேல வேண்டாம். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுசா மேல வரட்டும். பாட்டு மனசுக்குள்ள ஓடட்டும், பலம் தோளில் இருந்து வரட்டும். கை ரெண்டே நிமிஷத்தில் சோர்ந்துடும், அதனால ரெண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்க. பாட்டுக் கணக்கில் சொன்னா, பல்லவியும் முதல் சரணமும் முடியுற நேரம். மாறும்போது தாளம் விடாம அடுத்தவர் பிடிச்சுக்கணும்.